தண்ணீர் நின்ற உயரம்

போன வருஷ வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் நின்ற உயரம், சிந்துபூந்துறை வீட்டின் படுக்கையறைச் சுவரில் இடுப்பளவில் செம்மண் கோடாகப் படிந்திருக்கிறது. கோமதிநாயகம் அதன்மேல் மறுபடியும் நீல டிஸ்டம்பர் அடிக்கிறான். அடித்ததும் மறைகிற கோடு, காயக் காயத் திரும்பத் தெரிகிறது. இந்த வீட்டுக்குள் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று ஆழ்வார்திருநகரிக்குத் தாய்வீடு போன மனைவி சுகிர்தா, கைக்குழந்தையோடு இன்று வருகிறாள். வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்கிறது. பிரஷை வாளியில் போட்டுவிட்டு, கோட்டை முதுகால் மறைத்து நிற்கிறான்.

உறங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி சுகிர்தா வருகிறாள். "நீலம் நல்லாருக்கா?" என்கிறான். "கொஞ்சம் தள்ளுங்க." அவன் தள்ளுகிறான். அவள் கோட்டின்மேல் விரலை வைக்கிறாள், விரல்நுனி நீலமாகிறது. வெளியே பொட்டுப் பொட்டாகத் தூறல் விழத் தொடங்குகிறது. இருவரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள். பிறகு அவள், உத்தரத்திலிருந்து தொங்கும் புதுத் தொட்டிலைப் பார்க்கிறாள். "அதை மேல ஏத்திக் கெட்டுங்க." அவன் ஸ்டூலில் ஏறி, நீலக் கையோடு முடிச்சை அவிழ்த்து, தரையில் நின்றால் தன் நெஞ்சுயரம் வரும்படி தொட்டிலைத் தூக்குகிறான். "போதுமா?" தூறல் வலுக்கிறது. அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொள்கிறாள். "இன்னும் மேல."