செல்வராணி நிறுத்திய வண்டி

ஜப்பானில், ஆற்றுமணல் ஏற்றிப் போவதற்காக ஒரு காலத்தில் போட்ட குட்டி ரயில் பாதை அது. மொத்தம் ஐந்தே நிலையங்கள். இப்போது வண்டியை எந்திரமே ஓட்டுகிறது. ஆனால் வண்டி தாமதமானால் பயணிகள்முன் குனிந்து மன்னிப்புக் கேட்க மட்டும் ஒரு மனுஷப்பிறவி வேண்டியிருந்தது. செய்யாற்றுச் செல்வராணி பொறியியல் பட்டத்தோடு அந்த வேலையில்தான் இருந்தாள்.

அன்று காலை லெவல் கிராசிங்கில் ஒரு பெண்ணின் சைக்கிள் தண்டவாளத்தில் சிக்கிக்கொண்டது. அவள் விலகிவிடுவாள் என்று கணக்குப் போட்ட எந்திரம் வேகத்தைக் குறைக்கவேயில்லை. வண்டிக்குள் இருந்த ராணி அவசர பிரேக் பிடியை இழுத்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது.

கடைசி நிலையத்தில் தாமதமாக வந்து இறங்கிய பயணிகள், வழக்கம்போல் மன்னிப்புக்காக நின்றார்கள்.

"குனிஞ்சிட்டு வா பிள்ளே. இடுப்பு தேஞ்சா போவும்?" என்றார் மேற்பார்வையாளர் இருதயராஜ், நாகர்கோவில்காரர்.

"எந்திரம் பண்ண தப்புக்கெல்லாம் குனிஞ்சேன்ண்ணே. இது நான் பண்ண நல்லது. இதுக்கு எதுக்குக் குனியணும்?"

"வேலை போயிரும், பாத்துக்க."

"போவட்டும். எங்கப்பா ஊர்ல குனிஞ்சதே எங்க பரம்பரைக்குப் போதும்."

அவள் பயணிகள்முன் போய் நின்றாள். "வண்டியை நிறுத்தியது நான். ஒரு பெண் உயிரோடு இருக்கிறாள். மன்னிப்புக் கேட்க மாட்டேன்" என்று அவர்கள் மொழியிலேயே சொன்னாள்.

கூட்டம் கலையவில்லை. யாரும் குனியாமல் எப்படிக் கிளம்புவது என்று அதற்குத் தெரியவில்லை. முன்னால் நின்ற ஒருவர் மெல்ல இடுப்பை வளைத்துக் குனிந்தார். அடுத்து இன்னொருவர், பிறகு எல்லோரும்.

ராணி நிமிர்ந்தபடியே அதை வாங்கிக்கொண்டாள்.