சத்தியமாக ஈஸ்ட் மட்டும்தான்

“உங்க பேச்சை நம்பி மருந்தை நிறுத்தினேன் மாமா. ரெண்டாயிரம் கோழியும் செத்துப்போச்சு!” காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்த பக்கிரி வாசலிலேயே கத்தினான்.

அக்கா லோகநாயகி நீட்டிய தண்ணீர்ச் சொம்பு அவள் கையிலேயே நின்றது.

“போன பேட்ச்ல எனக்கு ஒண்ணுகூட சாகலையேடா! தீவனத்துல ஈஸ்ட்டைத் தவிர எதையுமே கலக்கலை,” என்றார் அவள் கணவர் திருநாவுக்கரசு. ஆன்டிபயாட்டிக் இல்லாமல் பிராய்லர் வளர்த்துக் காட்டியதற்காகக் கடலூர் விழாவில் பொன்னாடை வாங்கியவர்.

“பொன்னாடைக்காகப் பொய் சொல்லாதீங்க. அக்கா, நீயே சொல்லு. மாமா திருட்டுத்தனமா மருந்து போட்டாருதானே?”

“திருவந்திபுரம் பெருமாள் மேல சத்தியமா அவரு போடலைடா.”

“அப்ப நான்தான் பொய்யன். இனிமே உனக்குத் தம்பி இல்லைன்னு நெனச்சுக்க!”

பக்கிரி சொம்பைத் தொடாமலே பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

“நீயாவது என்னை நம்புறியே, நாயகி,” என்றார் திருநாவுக்கரசு.

அவள் தலை குனிந்தாள். சத்தியம் பொய்யில்லை. போன பேட்ச்சில் நாலு கோழி துவண்டு விழுந்த அன்றைக்கே, ஊரார் முன்னால் அவர் தோற்றுவிடக் கூடாதே என்று, அவருக்குத் தெரியாமல் கோழிகளின் தண்ணீர்த் தொட்டியில் ஆன்டிபயாட்டிக் கலந்தவள் அவள்தான்.