நான்கு மணித் தண்ணீர்

வரைபடத்தில் ஒன்பது புள்ளிகள் மட்டும் கோட்டுக்கு மேலே நின்றன.

அவன் திரையை நெருங்கிப் பார்த்தான். ஜூன் பன்னிரண்டிலிருந்து இருபது வரை. மற்ற நாட்களில் முழங்காலளவு ஓடிய ஆறு, இந்த ஒன்பது நாளும் இடுப்பளவு.

அலைபேசியில் ஷாகுல். தரவுகளைச் சரிபார்ப்பவன். கல்லூரி நாளிலிருந்து நண்பன்.

"மழையும் இல்ல, வெயிலும் மாறல. ஒம்பது நாளைக்கு மட்டும் தண்ணி எங்கேர்ந்து மச்சான் வந்துச்சு? டேங்கர் லாரில கொண்டுவந்து ஊத்துனீங்களா?"

ஷாகுல் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கம்பத்துலதான் ஏதோ கோளாறு. அந்த ஒம்பதையும் அழிச்சிடறேன். பொற்கொடி எடுத்த ரீடிங்ல தப்பு வராது."

இமயமலையின் ஸ்பிதியில், பனிப்பாறைக்குக் கீழே, தினமும் காலை எட்டு மணிக்கு ஆற்றில் நட்ட அளவுக் கம்பத்தைப் பார்த்து அவள் எழுதியவை. இரண்டு வருடம். ஒரு சென்டிமீட்டர் சந்தேகம் என்றாலும் மறுபடி இறங்கிப் பார்ப்பாள்.

அவள் இறந்துபோய்ப் பதினொரு மாதம்.

"பத்து நிமிஷம் குடு," என்றான்.

கம்பத்தில் கோளாறில்லை.

இரவில் பனி உருகாது. காலையில் ஆறு மெலிந்து கிடக்கும். வெயில் ஏற ஏறப் பெருகி, மாலை நான்கு மணிக்கு இரைந்துகொண்டு வரும்.

அவனுக்கும் அவளுக்கும் கல்யாணம் முடிந்து, ஆற்றோர முகாமுக்குத் திரும்பிய முதல் ஒன்பது நாட்கள் அவை.

எட்டு மணியாகும். ஒரே கம்பளி. அவன் எழுந்தால் கையைப் பிடித்து இழுப்பாள்.

"படுடா. ஆறு எங்கயும் போயிடாது."

பிறகு தேநீர். தீய்ந்த சப்பாத்தி. காரணமில்லாத சிரிப்பு. ஆற்றுக்கு இறங்கும்போது நான்காகியிருக்கும். அவன் கம்பத்தைப் படித்துச் சொல்வான். அவள் எழுதுவாள். நேரம் என்ற இடத்தில், கொஞ்சமும் தயங்காமல், எட்டு.

"யாரு பாக்கப்போறா?"

தண்ணீர் பார்த்து வைத்திருந்தது.

அழித்தால் அவள் பெயருக்குப் பழுதில்லை. மென்பொருள் இருபுறத்து நாட்களையும் இணைத்து ஒரு கோடு போட்டுவிடும். அந்த ஒன்பது நாளும் எல்லா நாளையும் போல ஆகிவிடும்.

நேரத்தைத் திருத்தினால் நாட்கள் மிஞ்சும். அவள் எழுதிய பொய்யும் மிஞ்சும், அவள் பெயரோடு.

அவளுடைய அலமாரியை அவள் தங்கை வந்து காலி செய்தாள். இதை எடுக்கட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றான். பதினொரு மாதமாக எது கேட்டாலும் சரிதான்.

எட்டு என்பதை மாற்றினான். பதினாறு, மாலை நான்கு. ஒன்பது முறை.

புள்ளிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து மாலை வெயிலுக்குள் போய் உட்கார்ந்தன. ஒன்றுகூட விலகி நிற்கவில்லை.

மென்பொருள் காரணம் கேட்டது. பட்டியலும் தந்தது.

வெள்ளம். பாதை அடைப்பு. உடல்நலக் குறைவு. பிற.

அலைபேசி மறுபடி ஒலித்தது.

"என்ன மச்சான், அழிச்சிடவா?"

"வேணாம்."

பிற என்பதைத் தேர்ந்தான். ஒரு வெற்றுக் கட்டம் திறந்தது.

இருவரும் தாமதமாக எழுந்தோம் என்று எழுதினான்.