சுருதி சேராத கோபம்

தொண்டை அறுவைச் சிகிச்சையில் எப்சிபாவின் குரல் போய்விட்டது. அவள் சொல்ல நினைப்பதைக் கழுத்தில் கட்டிய பட்டை பேசிவிடும். ஆனால் "சாப்பிட வாங்க" என்பதும் "வீடு பத்திக்கிட்டு எரியுது" என்பதும் அதற்கு ஒரே தொனிதான்.

கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் அவள் கணவன் தேவசகாயத்துக்குப் பொறுக்கவில்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் கொண்ட தன் மிடி கன்ட்ரோலரைக் கணினியில் செருகி, இசை மென்பொருள் வழியாகப் பட்டையோடு இணைத்தான். கொஞ்சல், கெஞ்சல், கேலி, கோபம் என்று குமிழுக்கு ஓர் உணர்ச்சி.

"இப்பப் பேசு."

அவள் கோபக் குமிழை முழுக்கத் திருகினாள். "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

தாலாட்டுப் போல வந்தது. பாடகர்களுக்குச் செய்து பழகிய அவன் கை, பிசகும் குரலைத் தானாகச் சுருதியில் சேர்க்கும் திருத்தத்தையும் மென்பொருளில் போட்டு வைத்திருந்தது.

"சுருதி சேத்து எவளாவது புருசனைத் திட்டுவாளா?" அதுவும் பாட்டாகவே வந்தது.

அவன் பதறித் திருத்தத்தை அணைத்தான். அவள் மறுபடி ஆரம்பித்தாள். குரல் பிசிறியது, எகிறியது, வீட்டை இரண்டாக்கியது.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "எப்சிபா அக்காவுக்குக் குரல் வந்துட்டு போலயே!"

துண்டைக் கொடியில் போடக் கையில் எடுத்த தேவசகாயம், அதை மறுபடியும் கட்டிலிலேயே போட்டான்.