இரவல் இசைத்தட்டு

“எம் புள்ளைங்க வெரல் பட்டாலே கத்துவ. அந்த டீச்சருக்கு மட்டும் அட்டையோட தூக்கிக் குடுக்கறியே, இன்னாடா நாயம் இது?”

அக்கா மதலேனாள் அடுப்படியிலிருந்து கேட்டாள். தம்பி செபாஸ்டியன் பழைய பனியன் துணியால் ஓர் இசைத்தட்டை வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

காவலூரில் அவன் குடியிருந்த வீட்டில் ஒரு சுவர் முழுக்க இசைத்தட்டுகள்தான். எல்லாம் பழைய குழந்தைப் படங்களுடையவை. பேசும் கிளி வரும் படம், பறக்கும் குதிரை வரும் படம், யானையோடு ஓடிப்போகும் பையனின் படம். பாட்டுத் தட்டும் உண்டு, கதை வசனத் தட்டும் உண்டு. செங்கம் சந்தையில் பழைய சாமான்களோடு கிடந்தவை, தொழிலை விட்டுவிட்ட மைக் செட்காரர் தந்தவை, வானாய்வு மையத்திலிருந்து மாற்றலாகிப் போன அதிகாரி கழித்துப்போட்டவை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தான். சின்ன வயதில் அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. அமிர்திப் பக்கம் காட்டு வேலைக்குப் போன அப்பாவோடு அலைந்த பிள்ளைக்குச் சினிமாக் கொட்டகை ஏது? விட்டுப்போனதையெல்லாம் இப்போது கேட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தான்.

“ஊரே டேப் ரெக்கார்டருக்கு மாறிடுச்சி. நீ இன்னும் தட்டைக் கட்டினு அழுவுற. கல்யாணம்னா மட்டும் காது கேக்காது” என்று முணுமுணுத்த அக்கா, வாசலில் நிழலாடியதும் நிறுத்திக்கொண்டாள்.

“வரலாமுங்களா?”

அன்னமேரி. மலைமேல் கடுக்காப்பட்டில் பால்வாடி டீச்சர். ஞாயிறு பூசைக்குக் காவலூர் வருவாள். பூசை முடிந்ததும் போன வாரம் இரவல் வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொன்று வாங்கிப் போவாள். அத்தனை மேடு பள்ளம் ஏறி இறங்கி வரும் தட்டில் ஒரு கீறல் இருக்காது. பழைய சேலைத் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவருவாள்.

“உக்காருங்க டீச்சர். எப்டி இருந்துச்சி?”

“ஆனைப் பாட்டு வந்ததும் பசங்க எழுந்து ஆட ஆரம்பிச்சிட்டாங்க. மறுபடி போடுங்க, மறுபடி போடுங்கன்னு ஒரே ரகளை.”

செபாஸ்டியன் அட்டையைப் பார்த்தான். அட்டையில் பெரிதாக ஒரு யானை நின்றது. “அப்டிங்களா!” என்றான். “பொட்டி நல்லா ஓடுதுங்களா? ஊசி தேஞ்சா தட்டு பாழாயிடும்.”

“எங்கண்ணன் வேலூர்ல வாங்கியாந்த பொட்டிங்க. பிளக்கைச் சொருவுனா போதும், கணீர்னு பாடும்.” சொல்லும்போது அவள் தரையைப் பார்த்தாள்.

அவன் அடுத்த தட்டை எடுக்கத் திரும்பினான்.

“வேணாங்க” என்றாள் அன்னமேரி. “இனிமே நான் வர மாட்டேன்.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

“புதன்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. திருப்பத்தூர் பக்கம். அண்ணன் முடிச்சிடுவாரு போல. அதான், இதைக் குடுத்துட்டுச் சொல்லிட்டுப் போலாம்னு…”

செபாஸ்டியனுக்கு எத்தனையோ படத்து வசனம் மனப்பாடம். சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. சுவரின் மேல் வரிசையிலிருந்து பறக்கும் குதிரைப் படத்தின் தட்டை எடுத்தான். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் அவன் போட்டுக் கேட்கிற தட்டு அது.

“இதை எடுத்துட்டுப் போங்க.”

“எப்டிங்க திருப்பித் தர்றது?”

“தர வேணாம்.”

அவள் கை நீட்டவில்லை. கண் கலங்கியிருந்தது. “தட்டு மட்டும் எதுக்குங்க எனக்கு?” என்றாள், பாதி காற்றோடு போன குரலில்.

மதலேனாள் ஈரக்கையோடு ஓடிவந்து தம்பியின் முதுகில் ஒரு குத்து விட்டாள். “இப்பவாச்சும் வாயைத் தொறடா!”

செபாஸ்டியன் அன்னமேரி பக்கம் திரும்பினான். “டீச்சர், நாளைக்கு உங்க ஊருக்கு வர்றேன்.”

அன்னமேரியின் முகம் வெளுத்தது. “எங்க வூட்டுக்கா? எதுக்குங்க?”

“ரெண்டு வேலை இருக்கு. அக்காவைக் கூட்டியாந்து, உங்கண்ணங்கிட்ட பொண்ணு கேக்கணும்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“இன்னொரு வேலை இன்னாங்க?”

மின்வாரிய லைன்மேன் செபாஸ்டியன், பறக்கும் குதிரையை அவள் கையில் வைத்தான்.

“கம்பம் நட எடம் பாக்கணும். உங்க ஊருக்கு இன்னும் கரண்டே வரலீங்களே!”