காட்டுப் பாதையில் ஐந்து பெண்கள்

காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஊருக்கு வெளியே இருந்த அந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தாள் ஜெசிந்தா. பாதையோரம் ஐந்து கற்சிலைகள். ஐந்தும் பெண்கள், ஐந்தும் அவள் கணவர் மரியதாஸ் செதுக்கியவை. அவர் இறந்த நாளன்று வருஷம் தவறாமல் வந்துவிடுவாள்.

மூன்றாவது சிலைக்கு முன்னால் அவள் நின்றபோது, ஆபீஸ் கும்பலோடு வந்திருந்த ஒரு பெண் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, அப்படியே உங்க ஜாடை! உங்க அக்காவா?”

“இல்லம்மா.”

“அப்போ கடைசியில இருக்கிற பொக்கைவாய்? உங்க பாட்டியா?”

“எல்லாமே நான்தான்.”

அந்தப் பெண் திரும்பி ஐந்து சிலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“என் வீட்டுக்காரர் முதல் சிலையைச் செஞ்சப்போ எனக்கு முப்பத்திரண்டு வயசு. அது முடிஞ்ச வாரம், அவருக்கு இன்னும் ரெண்டே வருஷம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. ‘நீ கிழவியாகிறதை நான் பார்க்க வேணாமா?’ன்னு கேட்டுட்டு, மீதி நாலையும் செதுக்க உட்கார்ந்தாரு.”

ஜெசிந்தா, சிலையின் வகிட்டோரம் அவர் வெள்ளைக் கீறல்களாக இழைத்திருந்த நரையைத் தடவினாள். இந்த வருஷம் அவளுக்கும் அதே இடத்தில்தான் நரைத்திருந்தது.

“எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்காரு. ஒண்ணுதான் தப்பு. எல்லாரும் சிரிச்சிட்டே இருக்காங்க பாரு. தான் பக்கத்துல இருக்க மாட்டோம்கிறதையே மறந்துட்டாரு.”