காலிக் கேமரா

“உள்ள ஒண்ணுமே இல்ல சார். ஒரு பேட்டரி, ஒரு சின்ன விளக்கு, அவ்வளவுதான். அது மினுக் மினுக்னு எரியறதைப் பார்த்தாலே மனுஷனுக்குக் கை கூசிடும். ஆனா நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது.”

மேனேஜருக்கு இப்படி விளக்கிவிட்டு, அலுவலகத்தில் டீ போடும் அறையில் அந்தப் பொம்மைக் கேமராவை மாட்டினார் கேமராக்காரர்.

ஒரு மாதம் கழித்து மேனேஜர் மறுபடி கூப்பிட்டார்.

“காபித்தூள் இன்னும் காணாமப் போகுதுய்யா. டீ போடுற அம்மாதான். எல்லாம் பதிவாயிருச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, பயந்து தானா வேலையை விட்டுடும். மனசாட்சின்னு ஒண்ணு வேணாமா?”

கேமராக்காரர் போய் அப்படியே சொன்னார்.

“அப்பாடா!” என்றார் அந்த அம்மா. “எல்லாரையும் கூட்டிவெச்சுப் போட்டுக் காட்டுங்க தம்பி. என்மேல விழுந்த பழி இன்னையோட போகட்டும்.”

கேமராக்காரர் யோசித்தார். அந்த விளக்குக்கு எல்லோரும் பயப்படுவார்கள், உள்ளே காலி என்று தெரிந்தவர்களைத் தவிர. தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் ஒரு மாதமாக இந்தப் பக்கமே வரவில்லை.

மேனேஜரின் அறைக்குத் திரும்பிப் போனார்.

“சார், சொல்ல மறந்துட்டேன். அன்னிக்குப் பொம்மை ஸ்டாக் இல்ல. அதே விலைக்கு நிஜக் கேமராவே மாட்டிட்டேன். எல்லாரையும் கூப்பிடட்டுமா?”

மேனேஜரின் முகம் வெளுத்தது.

“வேணாம்ப்பா. பாவம், அந்த அம்மா இருந்துட்டுப் போகட்டும். மனுஷனுக்கு மன்னிக்கிற குணம் வேணும்.”